தூண்டில் முள்ளின் எண்ணும் வடிவும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை குறைவின்றிப் பெய்து, கல்லலைச் சுற்றியுள்ள கண்மாய்கள் நிரம்பிக் கலுங்கு வழியே தண்ணீர் விழத் தொடங்கியதும், அந்தப் பக்கத்துச் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தூண்டிலின் நினைவு தானே வந்துவிடுகிறது. காரைக்குடிக் கடைக்கோ வாரச் சந்தைக்கோ போகிறவர், "அண்ணே, பத்தாம் நம்பர் முள் குடுங்க" என்று கேட்கிறார். கடைக்காரரும் உறையின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே எடுத்துக் கொடுக்கிறார். வாங்குகிறவரும் விற்கிறவரும் இவ்வளவு நம்பிக்கையோடு வழங்கிவரும் அந்த எண் முள்ளின் எந்தப் பகுதியை அளந்து சொல்வது என்று விசாரிக்கப் புகுந்தால், நேரான விடை கிடைப்பதில்லை. உலகத்துத் தயாரிப்பாளர்களிடையே அதற்குப் பொதுவானதொரு பிரமாணம் இன்றுவரை ஏற்படவில்லை. எண் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் சரக்கைச் சிறிது, பெரிது என்று வரிசைப்படுத்திக்கொள்ள இட்ட அடையாளம். மீனின் வாயையும், கோக்கும் இரையையும், கம்பியின் தடிப்பையும் கண்ணால் பார்த்தும் கையால் அளந்தும் முள்ளைத் தேர்வதே நம்பத்தக்க வழி என்பது என் அபிப்பிராயம்; அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் முள்ளின் உறுப்புகளை அறிந்துகொள்ளுதல் அவசியம். தூண்டில் நரம்பைக் கட்டுகிற மேல்நுனி வளையமாக இருந்தால் அது கண். சில முட்களில் வளையத்துக்குப் பதிலாக நுனியைத் தட்டித் தகடுபோல் அகலமாக்கியிருப்பார்கள். கண்ணிலிருந்து கீழிறங்குவது தண்டு. தண்டு திரும்பும் இடம் வளைவு. வளைவைக் கடந்து மேல்நோக்கி எழுவது முனை. முனைக்குச் சற்றுக் கீழே, கம்பியிலேயே பின்னோக்கிச் சீவிவிடப்பட்டிருக்கும் சிறு செதில், குத்திய முள் கழன்று வராதபடி தடுக்கும் எதிர்முள் ஆகும். தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள வெளியை வாய் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வாயின் அகலமும் கம்பியின் தடிப்புமே முள்ளின் சக்தியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை. ஆனால் உறையிலுள்ள எண் இவ்விரண்டையும் நேராகச் சொல்வதில்லை.

ஐரோப்பிய முறைப்படி எண்ணப்படும் முட்களில், 1 என்னும் அளவிலிருந்து 2, 4, 6, 8, 10, 12 என்று எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும்; 32 என்பது மிகச் சிறிய அளவு. 1-ஐவிடப் பெரிய முட்களுக்கு 1/0, 2/0, 3/0 என்று சாய்கோட்டின்பின் சுழியிட்டு எழுதுவார்கள்; இந்த வரிசையில் எண் ஏறினால் முள்ளும் பெருக்கும். முதலில் வரிசையை ஒன்றிலிருந்து தொடங்கிச் சிறுமையை நோக்கி எண்ணிக்கொண்டு போனவர்கள், பின்னர்ப் பெரிய முட்கள் தேவைப்பட்டபோது ஒன்றுக்கு முன்னே இடமில்லாமையால் சுழிகளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கருத இடமிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஊசித் தொழிலுக்குப் பெயர்போன ரெட்டிச் நகரத்தார் ஒரு வரிசையையும், கெண்டல் நகரத்தார் வேறொரு வரிசையையும் கையாண்டமையால், ஒரே தேசத்துக்குள்ளேயே எண்கள் பொருந்தாமல் இருந்தன.

இந்தக் குழப்பத்தின்மேல் இன்னொரு குழப்பம் நம் கடைகளில் ஏறியிருக்கிறது. ஜப்பானியரின் சொந்த வரிசையில் எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். 'சினு', 'இசேயமா' என்னும் ஜப்பானிய வடிவங்களை ஒட்டிச் செய்யப்படும் மலிவான முட்கள் இப்போது சிறு பிளாஸ்டிக் உறைகளில் எங்கும் கிடைக்கின்றன. ஐரோப்பிய முறையில் 10 என்று அச்சிட்ட உறையிலிருந்து ஒரு முள்ளையும், சினு வகையில் 10 என்று அச்சிட்ட உறையிலிருந்து ஒரு முள்ளையும் எடுத்து, வெள்ளைத் தாளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது கெண்டைக்கு ஏற்ற சிறுமுள். பின்னதோ தடித்த கம்பியும் அகன்ற வாயும் கொண்டு, கடலில் பாறை மீனையும் தாங்கிப் பிடிக்கும் பெருமுள். இரண்டின்மேலும் எழுதியிருப்பது அதே பத்து. எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் கண்மாயிலிருந்து வெறுங்கையோடு திரும்புவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

சில உறைகளில் எண்ணோடு 2எக்ஸ், 3எக்ஸ் என்ற குறிகளும் காணப்படும். அவற்றின் தத்துவம் எளியது. 2எக்ஸ் நீளம் என்றால், அந்த முள்ளின் தண்டு அதைவிட இரண்டு அளவு பெரிய முள்ளின் தண்டளவு நீண்டது என்று பொருள். 2எக்ஸ் வலிமை என்றால், இரண்டு அளவு பெரிய முள்ளுக்குரிய தடித்த கம்பியால் செய்தது. அந்தக் கணக்கும் அந்தந்தத் தயாரிப்பாளரின் சொந்த வரிசையையே ஆதாரமாகக் கொண்டிருப்பதால், இரண்டு நிறுவனங்களின் முட்களை இக்குறிகளால் ஒப்பிட முடியாது.

முள்ளின் சரித்திரம் மிகப் பிராசீனமானது. ஜப்பானைச் சேர்ந்த ஓகினாவாத் தீவில் சகிதாரிக் குகையிலிருந்து கிடைத்த, கடல்நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த முட்கள் ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2016இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நம் நாட்டில் சிந்துவெளி மக்கள் செம்பினால் முள் செய்தார்கள். தமிழ் நூல்களில் இரும்பு முள்ளே பேசப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் பாண்மகன் ஒருவன் நீண்ட மூங்கிற் கழியில் நாண் பூட்டி, வளைந்த வாயையுடைய இரும்பில் இரையைப் பொதிந்து வைக்க, வாளை மீன் அதைக் கவ்வித் தப்பியோடும் செய்தி வருகிறது. மதுரை நக்கீரர் பாடிய அகநானூற்று 36ஆம் செய்யுளில், இரும்பில் கோத்த இரையை விழுங்கிய பெரிய ஆண் விரால், ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர் சிதையவும் துள்ளியெழுந்து, தூண்டில்காரன் இழுத்த இழுப்புக்கு வராமல் கயத்தைக் கலக்குகிறது. அகன்ற வாயையுடைய விராலின் இயல்பும், இலைகள் மூடிய நீரில் அது முள்ளோடு பாய்ந்து கொடியில் சிக்கும் விதமும், இன்றும் சிவகங்கைச் சீமைக் கண்மாய்களில் தூண்டில் போடுகிறவர் எவருக்கும் நன்கு தெரிந்த விஷயங்கள். அந்தப் புலவர் நேரில் கண்டவராகத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில், மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், மத்ஸ்ய விநோதம் என்ற பெயரில் தூண்டிலுக்கென்றே தனிப் பகுதி அமைந்திருப்பதை விலங்கியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951இல் ஆராய்ந்து எழுதினார். வேடிக்கைக்காகத் தூண்டில் போடுதல் ஆங்கிலேயர் கொண்டுவந்த பழக்கம் என்று எண்ணுவோர் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த நூல்களுள் நம் கண்மாய்களுக்கு நெருங்கியது, சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1887இல் வெளியிட்ட 'டாங்க் ஆங்க்லிங் இன் இந்தியா' என்ற புத்தகம். அதற்கு முன்பே 1873இல் அவர் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' ஆற்றுமீன்களை, விசேஷமாக மஹசீரைப் பற்றியது. மஹசீர் தன் வாயின் அழுத்தத்தாலேயே மெல்லிய முள்ளை நசுக்கிவிடும் வல்லமையுடையது. அத்தகைய மீனுக்குத் தடித்த கம்பி இன்றியமையாதது என்பது அந்நாளைய தூண்டில்காரர்கள் பல முட்களை இழந்து கற்ற பாடம்.

வடிவங்களின் பெயர்களில் பெரும்பாலானவை ஆங்கில, ஐரிஷ், ஸ்காட்லாந்து ஊர்களையும் முள் செய்த தொழிலாளர்களையும் நினைவூட்டுவன. கிர்பி என்ற வளைவு பதினேழாம் நூற்றாண்டில் லண்டனில் முள் செய்து புகழ்பெற்ற சார்லஸ் கிர்பியின் பெயரால் வழங்குவது; இதில் முனை தண்டுக்கு நேரே நில்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். முள்ளை மேசைமேல் படுக்க வைத்தால் அது சமமாகப் படியாமல் ஒருபுறம் தூக்கி நிற்பதைக் கொண்டு கிர்பியை அடையாளம் காணலாம். மீனின் வாய் மூடியிருந்தாலும் அந்தத் திருப்பம் எங்கேனும் ஓரிடத்தில் பற்றிக்கொள்ளும். லிமரிக் வளைவு முனைப்பக்கம் கூர்மையாக மடிந்தது. அபர்தீன் வடிவம் மெல்லிய கம்பியும் அகன்ற வட்ட வளைவும் உடையது. உயிருள்ள சிறுமீனை இதில் இரையாகக் கோத்தால், அது அதிகம் காயப்படாமல் நெடுநேரம் நீந்திக்கொண்டிருக்கும். ஓஷானெஸி என்பது தடித்த கம்பியால் ஆன கடல் முள். நார்வே நாட்டில் 1832இல் தோன்றிய மஸ்டாட் நிறுவனம் 1877இல் முட்களை இயந்திரத்தால் செய்யத் தொடங்கிய பிறகு, இவ்வடிவங்கள் மலிவாகி உலகெங்கும் பரவின.

இனிக் கண்மாய்க்கு வருவோம். இந்த ஆராய்ச்சியின் பிரயோஜனம் அங்கேதான் இருக்கிறது. கல்லல் பக்கத்து நீர்நிலைகளில் தூண்டிலுக்கு வரும் மீன்களை வாயின் அமைப்பால் பிரித்துக்கொண்டால், முள்ளைத் தேர்வது எளிதாகிவிடும். கெண்டையும் ஜிலேபியும் சிறுவாய் மீன்கள். ஜிலேபி 1952இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதாயினும், இன்று அது இல்லாத கண்மாயைக் காண்பது அரிது. அது இரையை ஒரே வாயாக விழுங்காமல், உதட்டால் கொத்திக் கொத்திப் பார்க்கும் பழக்கமுடையது. ஆகையால் தக்கை நடுங்கிக்கொண்டே இருக்கும், முள் ஏறாது. பெரிய முள்ளைப் போட்டுவிட்டு, மீன் புழுவைத் தின்றுவிட்டது என்று வருந்துவோர், ஐரோப்பிய வரிசையில் 10 அல்லது 12 அளவுக்கு இறங்கி, மண்புழுவை முழுதும் கோக்காமல் ஒரு துண்டாகக் கிள்ளி, முனை மறையும் அளவுக்கு மட்டும் கோத்துப் போட்டால் வித்தியாசத்தை உடனே உணர்வார்கள். இரை முள்ளின் வாயை அடைத்துவிடக் கூடாது என்பதே இங்கு முக்கியமான விதி; வாயில் பாதியளவேனும் வெறுமையாக இருந்தால்தான் முனை சதையில் பாய்வதற்கு இடமிருக்கும். மாவு உருண்டை போடுகிறவர்கள் இவ்விதியை அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

கெளுத்திக்கு விஷயமே வேறு. அது புழுவைத் தயங்காமல் விழுங்கிவிடும். முள் தொண்டைக்குள் போய்விடும். அதன் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள கூரிய முட்களுக்குத் தப்பி அதைக் கையில் பிடித்து, உள்ளே போன தூண்டில் முள்ளைக் கழற்றுவது சாமானியமான காரியமன்று. தேளியோ விஷமுள்ளது, குத்தினால் கடுமையான வலி எடுக்கும். ஆகவே இவ்விரண்டுக்கும் விலாங்குக்கும் தண்டு நீண்ட முள்ளே ஏற்றது. தண்டின் மேற்பகுதி வாய்க்கு வெளியே தெரிந்துகொண்டிருக்கும், குறடாலோ விரலாலோ அதைப் பற்றித் திருகி எடுத்துவிடலாம். சிறுவர்களுக்குத் தூண்டில் கட்டிக் கொடுக்கும் பெரியவர்கள், எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி மழுக்கிவிட்டுக் கொடுப்பது நலம். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் எதிர்முள் இல்லாமலும் மீன் கரைக்கு வந்துசேரும். குழந்தையின் விரலில் ஏறிய முள்ளோ வந்த வழியே வெளியே வந்துவிடும்.

விரால்தான் கண்மாய்த் தூண்டிலின் உச்சமான பரீட்சை. அதன் வாய் அகன்றது, தாடை உறுதியானது, பற்கள் உண்டு. காற்றைச் சுவாசிக்க நீரின் மேற்பரப்புக்கு வந்துபோகும். தவளைக் குஞ்சையோ சிறுமீனையோ உயிரோடு கோத்து, தாமரை இலைகளின் நடுவே மெல்ல இறக்கும்போது 1/0 முதல் 3/0 வரையிலான தடித்த முள் வேண்டும். கம்பி மெல்லியதாயிருந்தால், அல்லிக் கொடிகளுக்குள் பாய்கிற விராலைத் தடுத்து நிறுத்தும் அந்த ஓர் இழுப்பிலேயே முள் நிமிர்ந்துவிடும். கரையோரத்தில் கழியை ஊன்றி நரம்பைக் கட்டி, இரவெல்லாம் விட்டுவைத்து விடியற்காலையில் போய்ப் பார்க்கும் முறையிலும் இதே அளவு முட்களே பொருந்தும். ஆனால் ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்லியாக வேண்டும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மேல் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போது, அவற்றின் கீழே காவல் நிற்கும் விரால், அருகில் விழுந்த எதையும் குஞ்சுகளின் பகையென்று எண்ணிப் பாய்ந்து கவ்வும். அந்தத் தருணத்தில் தவளையை இறக்கிப் பிடிப்பதற்குத் திறமை எதுவும் வேண்டாம். பிடித்தபின் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரையாகிவிடும். இச்செயலை எவ்விதத்திலும் நியாயமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குத்தகைக் கண்மாய்களில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு ஆகியவற்றுக்குப் பெரிய மாவு உருண்டையைச் சுற்றி நாலைந்து முட்களைக் கொத்தாகக் கட்டிப் போடும் வழக்கமுண்டு. மீன் மாவை உறிஞ்சும்போது ஏதேனும் ஒரு முள் வாய்க்குள் போகும் என்பது அதன் யுக்தி. இதற்குத் தண்டு குறுகிய, கூர்மை மிகுந்த முட்கள் தேவை. கோடையில் கண்மாய் வற்றி ஊர்கூடி மீன்பிடித் திருவிழா நடத்தும்போது ஊத்தாவும் வலையும் கூடையுமே வேலை செய்கின்றன. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை.

கடல் முள்ளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தொண்டி முதலிய பாக் விரிகுடாக் கரையூர்களில் வஞ்சிரத்துக்கு முள் கட்டுவோர் நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கம்பி இணைப்பார்கள். இல்லையேல் அதன் பற்கள் நரம்பை அறுத்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள், நெடுங்கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைக் கிளைக்கயிறுகளில் தொங்கவிட்டு ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் நாடறிந்தவர்கள். இந்த நெடுங்கயிற்றுத் தொழிலில்தான் முள்ளின் வடிவத்தைப் பற்றிய மிகப் பெரிய மாறுதல் நிகழ்ந்தது. வட்ட முள் என்பது முனை உள்நோக்கித் திரும்பித் தண்டைப் பார்த்து நிற்கும் முள். மீன் விழுங்கியபின் நரம்பு இறுகும்போது, அது தொண்டையில் எங்கும் பற்றாமல் வழுக்கி வந்து, வாயின் கடைவாய் ஓரத்தை அடைந்ததும் சுழன்று அங்கே மாட்டிக்கொள்கிறது. பசிபிக் கடலின் வடபகுதியில் ஹாலிபட் மீன் பிடிப்போர் 1983இல் இந்த வடிவத்துக்கு மாறியபோது அவர்களுடைய மீன்வரத்து வெகுவாகப் பெருகியது. கடலாமைகள் முள்ளை ஆழமாக விழுங்கிச் சாவதைக் குறைக்கும் பொருட்டு, அமெரிக்க அரசாங்கம் 2004இல் தன் அட்லாண்டிக் நெடுங்கயிற்றுப் படகுகளுக்கு வட்ட முள்ளைக் கட்டாயமாக்கியது. இந்த முள்ளைப் போட்டுவிட்டு, பழைய வழக்கப்படி தக்கை அமிழ்ந்ததும் சுண்டி இழுக்கக் கூடாது. சுண்டினால் முள் வாயைப் பற்றாமலே வெளியே வந்துவிடும். நிதானமாக நரம்பை இறுக்கினாலே போதும். பிடித்த சிறுமீனைத் திரும்ப நீரில் விட விரும்புவோர்க்குக் கண்மாயிலும் இது உகந்த வடிவம்.

உருக்கின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல முள் கரிச்சத்து மிகுந்த எஃகுக் கம்பியை வெட்டி, முனை தீட்டி, எதிர்முள் சீவி, வளைத்துக் கண் திருப்பியபின், சூடேற்றி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மீண்டும் மிதமான சூட்டில் பதப்படுத்தப்படுவது. கடினம் மிஞ்சினால் முள் சட்டென்று முறியும். குறைந்தால் இழுக்க இழுக்க நிமிரும். மலிவான முட்களில் அநேகம் இந்த இரண்டு குற்றங்களுள் ஒன்றை உடையவை. கூர்மையைப் பார்க்க ஓர் எளிய பரீட்சை உண்டு: முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து, அழுத்தாமல் இழுத்தால், கூரிய முள் நகத்தைக் கீறிப் பிடித்துக்கொள்ளும், மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும். துரு ஏறிய முள்ளைத் தீட்டிப் பார்ப்பதைவிட வேறொன்று கட்டுவதே மேல்.

ஆகையால், முட்களை உறையிட்டு விற்கும் நிறுவனத்தாருக்கு ஒரு விண்ணப்பம். எண்ணை எப்படியேனும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதன் பக்கத்திலேயே வாயின் அகலம் இத்தனை மில்லிமீட்டர், கம்பியின் தடிப்பு இத்தனை மில்லிமீட்டர் என்று தமிழில் அச்சிட்டுத் தாருங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம். அதுவரையில் வாங்குகிறவர்கள் தங்களுக்குக் கைவந்த ஒரு முள்ளை, முனையில் தக்கைத் துண்டு செருகி, மாதிரியாகக் கடைக்குக் கொண்டுபோய், எண்ணைச் சொல்லாமல் அதைக் காட்டியே கேட்க வேண்டும். முறிந்த முள்ளையும் அறுந்த நரம்பையும் கண்மாய்க் கரையில் போட்டுவிட்டு வராமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அந்தக் கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் பலர் இன்னும் செருப்பில்லாமல்தான் நடக்கிறார்கள்.